சைன்(30) போட்டால் -0.988 வருகிறது: சி மொழியில் முக்கோணவியல் ஃபங்ஷன்கள் பற்றி ஒரு கேள்வி

நிழல்கோடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சி படித்துக்கொண்டிருக்கிறேன், லூப், அரே, பாயின்டர் எல்லாம் ஓரளவு பழகிவிட்டது. இப்போது 0-வில் தொடங்கி 90 வரை 15 டிகிரி இடைவெளியில் சைன், காஸ், டேன் மூன்றையும் அட்டவணையாக அச்சிடும் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். மேத்.ஹெச் ஹெடரைச் சேர்த்திருக்கிறேன். ஆனால் சைன்(30) என்று கொடுத்தால் 0.5 வர வேண்டிய இடத்தில் -0.988032 வருகிறது, காஸ்(60) கொடுத்தால் அதுவும் 0.5 இல்லை, -0.952413. முதல் கால்பகுதியில் இருக்கும் கோணத்துக்கு சைனும் காஸும் எப்படி மைனஸில் வரும் என்பதே புரியவில்லை.

எங்கேயோ 180-ஆல் வகுக்க வேண்டும் என்று பார்த்து, டிகிரி / 180 * பை என்று மாற்றினேன் (டிகிரி என்பது இன்ட் வேரியபிள், லூப்பில் ஓடுவது அதுதான்). இப்போது சைன் வரிசை முழுக்க 0.000000, காஸ் வரிசை முழுக்க 1.000000.

இது போதாதென்று, அதே கோப்பை லினக்ஸில் கம்பைல் செய்தால் சைன் என்றால் என்னவென்றே தெரியாது என்கிற மாதிரி லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) பிழை காட்டுகிறது. ஹெடரைச் சேர்த்த பிறகும் ஏன்? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

அரைப்புள்ளி

நண்பரே, முதல் இரண்டு குழப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன், லிங்கர் விஷயத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

சி மொழியின் சைன், காஸ், டேன் மூன்றும் கோணத்தை ரேடியனில்தான் வாங்கும். டிகிரி என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் உள்ளே போவது வெறும் ஒரு டபுள் எண், அதில் அலகு ஒட்டிக்கொண்டு போவதில்லை. நீங்கள் 30 என்று கொடுத்ததும் அது 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு ரேடியன் என்பது 57.2958 டிகிரி, ஆக 30 ரேடியன் என்பது கிட்டத்தட்ட 1718.87 டிகிரி. அதில் நான்கு முழுச் சுற்றை, அதாவது 1440-ஐக் கழித்தால் 278.87 டிகிரி மிஞ்சுகிறது. அது நான்காவது கால்பகுதி, அங்கே சைன் மைனஸ்தான். கால்குலேட்டரை டிகிரி நிலையில் வைத்து சைன் 278.87 போட்டுப் பாருங்கள், அதே -0.988 வரும். ஆக ஃபங்ஷன் தப்பாக எதுவும் சொல்லவில்லை, நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முக்கோணவியல் ஃபங்ஷன்களோடு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து நிற்கும்: விடை சரி, கேட்ட எண்தான் வேறு.

இரண்டாவது, எல்லாம் பூச்சியமாக வந்தது. அது முக்கோணவியல் பிரச்சினையே இல்லை, முழு எண் வகுத்தல். டிகிரி இன்ட், 180-உம் இன்ட். இன்டை இன்டால் வகுத்தால் சி மீதியைத் தூக்கிப் போட்டுவிடும், 30 / 180 என்றால் 0. பிறகு அதைப் பையால் பெருக்கினாலும் 0 தானே. 0 முதல் 90 வரை எல்லாக் கோணமும் பூச்சியமாகிவிட, சைன் 0, காஸ் 1. இப்படி எழுதுங்கள்:

டபுள் ரேடியன் = டிகிரி * பை / 180.0;

பெருக்கல் முதலில் நடப்பதால் டிகிரி அங்கேயே டபுள் ஆகிவிடும். 180-க்குப் பதில் 180.0 எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு யாராவது வரிசையை மாற்றி எழுதினாலும் உடையாது.

பயனரிடம் கோணத்தை வாங்கும்போது இன்னொரு இடமும் உண்டு. டபுள் வேரியபிளுக்கு ஸ்கேன்எஃப்-இல் %எல்எஃப் போட வேண்டும், %எஃப் இல்லை. பிரின்ட்எஃப்-இல் %எஃப் போதும் என்பதால் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். %எஃப் போட்டால் டபுளின் எட்டு பைட்டில் நான்கு மட்டும் நிரம்பும், கோணம் குப்பையாக இருக்கும், நீங்கள் சைனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கம்பைலர்காதலன்

லிங்கர் பிழைக்கு வருகிறேன். ஹெடர் வேறு, லைப்ரரி வேறு. மேத்.ஹெச்-இல் இருப்பது "சைன் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, டபுள் வாங்கி டபுள் தரும்" என்ற அறிவிப்பு மட்டும்தான். உண்மையான கணக்கு லினக்ஸில் தனியாக ஒரு கணித லைப்ரரியில் இருக்கிறது, அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்:

ஜிசிசி அட்டவணை.சி -ஓ அட்டவணை -எல்எம்

அந்த -எல்எம் கடைசியில் வரட்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், அதுவரை யாருக்கு எது குறைகிறதோ அதை மட்டும் லைப்ரரியிலிருந்து எடுக்கும். லைப்ரரியை முதலில் சொன்னால் அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தேவைப்பட்டிருக்காது, எடுக்காமல் தாண்டிவிடும், பிறகு உங்கள் கோப்பு வரும்போது சைன் இல்லை என்று நிற்கும். எல்லா லினக்ஸிலும் இப்படி நிற்கும் என்றில்லை, ஆனால் கடைசியில் போட்டால் எங்கேயும் ஓடும். மேக்கிலும் விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவிலும் இது தனியாகக் கேட்காது, அதனால்தான் ஒரு கணினியில் ஓடிய கோப்பு இன்னொன்றில் அடம்பிடிக்கிறது.

இதில் குழப்பக்கூடிய ஒரு விஷயம்: சைன்(0.5) என்று நேரடியாக எண்ணையே எழுதினால் -எல்எம் இல்லாமலும் ஓடிவிடும். கம்பைலரே விடையைக் கணக்கிட்டு அந்த இடத்தில் எண்ணை வைத்துவிடுகிறது, லைப்ரரியைக் கூப்பிடுவதே இல்லை. வேரியபிளைக் கொடுத்த மறுநிமிடம் பிழை வரும். "நேற்று ஓடியதே" என்று புலம்புபவர்கள் அநேகமாக இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

அப்புறம் பை. எம்_பை என்ற மாறிலியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது சி தரநிலையில் இல்லை, போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) தரும் கூடுதல். ஜிசிசி கம்பைலரில் சாதாரணமாகக் கிடைக்கும், -எஸ்டிடி=சி11 என்று கறாராகக் கேட்டால் மறைந்துவிடும். விஷுவல் ஸ்டூடியோவில் மேத்.ஹெச்-க்கு முன்னால் _யூஸ்_மேத்_டிஃபைன்ஸ் என்பதை டிஃபைன் செய்தால்தான் வரும். இந்தத் தலைவலியே வேண்டாம், நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள்: கான்ஸ்ட் டபுள் பை = 3.14159265358979323846; அவ்வளவுதான். சிலர் ஏகாஸ்(-1.0) என்றோ 4 * ஏடேன்(1.0) என்றோ (காஸ், டேன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள்) எழுதி வாங்குவார்கள், அதுவும் சரி. 3.14 என்று மட்டும் எழுதாதீர்கள், 22/7 என்று எழுதவே எழுதாதீர்கள், அது இன்ட் வகுத்தலில் 3 ஆகிவிடும்.

நிழல்கோடு

இருவருக்கும் மிக்க நன்றி, அட்டவணை வந்துவிட்டது. 278.87 டிகிரி கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது!

ஆனால் இப்போது புதிதாகச் சில. டேன் 90-க்கு முடிவிலி என்றோ பிழை என்றோ வரும் என்று நினைத்தேன், 16331239353195370 என்று ஒரு பெரிய எண் வருகிறது. 180 வரை நீட்டினால் சைன் 180-க்கு 0 வரவில்லை, %எஃப் போட்டால் 0.000000, %ஜி போட்டால் 1.22465இ-16. இன்னொன்று, சைன் 30 டிகிரி திரையில் 0.500000 என்றே காட்டுகிறது, ஆனால் இஃப்-இல் 0.5-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. பையை இன்னும் நிறைய தசம இடங்களுக்குக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

எளியநிரல்

ஆகாது. இதுதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டபுள் என்பது 64 பிட், அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். தசமத்தில் சொன்னால் ஏறக்குறைய 16 இலக்கம். பையோ முடிவே இல்லாத எண். நீங்கள் நூறு தசம இடம் எழுதினாலும் கம்பைலர் அதற்கு மிக அருகில் இருக்கும் டபுளைத்தான் எடுக்கும், அந்த டபுளின் மதிப்பு 3.141592653589793116 என்று போகும். உண்மையான பை 3.141592653589793238 என்று போகும். வித்தியாசம் 0.00000000000000012246, அதாவது 1.2246இ-16.

இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? உங்கள் சைன் 180-க்கு வந்த விடை இதுவேதான். அது தற்செயல் இல்லை. பைக்கு மிக அருகில் சைனின் வளைவு நேர்கோடு போலக் கீழே இறங்குகிறது, அங்கே சைன்(எக்ஸ்) என்பது பையிலிருந்து எக்ஸைக் கழித்தால் வருவதற்கு மிக மிக நெருக்கம். நீங்கள் பையைக் கொடுக்கவில்லை, பைக்கு 1.2246இ-16 குறைவான ஒரு எண்ணைக் கொடுத்தீர்கள், ஃபங்ஷன் அந்தக் குறையை அப்படியே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டது. அரைப்புள்ளி மேலே சொன்னதுதான், விடை சரி, கேட்ட எண்தான் வேறு. பிழை என்று பார்ப்பதைவிட, டபுளில் பை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை சைனே அளந்து காட்டுகிறது என்று பாருங்கள், எனக்கு இது இன்றைக்கும் அழகாகத்தான் தெரிகிறது.

டேன் 90-உம் இதே கதை. பையில் பாதியை டபுளால் சரியாகச் சொல்ல முடியாது, அதனால் கொடுத்த கோணம் 90-க்கு ஒரு துளி குறைவு. அங்கே காஸ் பூச்சியம் இல்லை, 6.123இ-17. 1-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 16331239353195370 வந்துவிடும். டேன் ஃபங்ஷனுக்கு முடிவிலியைத் தரும் வாய்ப்பே இங்கே கிடைப்பதில்லை, ஏனென்றால் சரியாக 90 டிகிரி என்ற ரேடியன் மதிப்பு டபுளில் இல்லவே இல்லை. அட்டவணையில் அந்த இடத்தில் "வரையறை இல்லை" என்று காட்ட வேண்டுமானால், டிகிரி இன்ட்டாக இருக்கும்போதே 90-ஆ என்று பார்த்துவிடுங்கள். ரேடியனாக மாற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை.

சைன் 30-ஐ %.17ஜி போட்டு அச்சிடுங்கள், 0.49999999999999994 என்று வரும். %எஃப் ஆறு தசம இடத்தோடு நிறுத்தி முழுமையாக்குவதால் 0.500000 என்று காட்டியது. காஸ் 60 0.5-க்கு மறுபக்கம் போய் 0.5000000000000001 ஆகும். அதனால் இந்த மாதிரி விடைகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். இரண்டின் வித்தியாசத்தை எஃப்ஏபிஎஸ்-இல் (மைனஸ் குறியை நீக்கித் தரும் ஃபங்ஷன்) போட்டு, அது 1இ-9 போன்ற ஒரு சிறிய அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவு எவ்வளவு என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது, திரையில் புள்ளி வைக்க 1இ-6 கூடப் போதும்.

லூப்பை டபுளில் ஓட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் 0.1 கூட்டிக்கொண்டு போவதையும் தவிர்த்துவிடுங்கள், 0.1-உம் டபுளில் துல்லியமாக இல்லை, கூட்டக் கூட்ட விலகி, கடைசிச் சுற்று வருமா வராதா என்பதே நிச்சயமில்லாமல் போகும். நீங்கள் டிகிரியை இன்ட்டாக ஓட்டுவது மிகச் சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சி23 தரநிலையில் சைன்பை, காஸ்பை, டேன்பை என்று சேர்த்திருக்கிறார்கள். சைன்பை(எக்ஸ்) என்றால் பை மடங்கு எக்ஸின் சைன். டிகிரியை 180.0-ஆல் வகுத்துக் கொடுத்தால் போதும், பை என்ற தோராய எண் நம் பக்கத்திலிருந்து உள்ளே போகவே போகாது, சைன்பை(1.0) சரியாக 0 தரும். உங்கள் கம்பைலரோடு வரும் லைப்ரரியில் இது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பைட்பறவை

இழைக்குள் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். எங்களுக்கு மேத்.ஹெச் இல்லாமல் சைனை நாமே தொடராக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ் - எக்ஸ்³/3! + எக்ஸ்⁵/5! என்று எழுதினேன், பவருக்கு ஒரு ஃபங்ஷன், ஃபேக்டோரியலுக்கு ஒரு ஃபங்ஷன். ஆறு உறுப்பு வரை நன்றாக வருகிறது, அதற்கு மேல் உறுப்பு சேர்க்கச் சேர்க்க விடை மோசமாகிறது. உறுப்பு கூடினால் துல்லியம் கூடத்தானே வேண்டும்?

எளியநிரல்

ஆறாவது உறுப்பில் 11!, ஏழாவதில் 13!. ஃபேக்டோரியல் இன்ட்தானே? 12! என்பது 479001600, அது 32 பிட் இன்ட்டில் அடங்கும். 13! என்பது 6227020800, இன்ட்டின் உச்சமோ 2147483647. சரியாக அந்த இடத்தில் நிரம்பி வழிகிறது.

ஃபேக்டோரியலும் வேண்டாம், பவரும் வேண்டாம். ஒவ்வொரு உறுப்பையும் முந்தையதிலிருந்து வாங்குங்கள். முதல் உறுப்பு எக்ஸ். அடுத்தது, முந்தைய உறுப்பை மைனஸ் எக்ஸ் வர்க்கத்தால் பெருக்கி 2 × 3-ஆல் வகுத்தால் கிடைக்கும், அதற்கடுத்தது 4 × 5-ஆல், அப்புறம் 6 × 7-ஆல். எழுதினால்:

உறுப்பு = உறுப்பு * (-எக்ஸ் * எக்ஸ்) / ((2.0 * என்) * (2.0 * என் + 1));

குறி மாறுவதும் அதிலேயே வந்துவிடுகிறது. உறுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதானதும் லூப்பை நிறுத்துங்கள்.

இன்னொன்று, இதை 30 ரேடியன் போன்ற பெரிய எண்ணுக்கு நேரடியாக ஓட்டாதீர்கள். நடுவில் வரும் உறுப்புகள் 7.8இ11 வரை வளர்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் ஒன்றுக்கும் குறைவான விடையில் வந்து நிற்கும், அவ்வளவு பெரிய எண்ணில் கடைசி இலக்கங்கள் ஏற்கெனவே போயிருக்கும், விடையில் நான்கு இலக்கம் தேறினால் அதிகம். முதலில் எஃப்மாட் (டபுள் வகுத்தலில் மிஞ்சும் மீதியைத் தரும் ஃபங்ஷன்) மாதிரி ஒன்றை நீங்களே எழுதி முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டு, -பை முதல் பை வரைக்குள் கொண்டுவந்து பிறகு தொடரை ஓட்டுங்கள். அசல் லைப்ரரிகளும் முதலில் செய்வது இந்தச் சுருக்கல்தான், ஆனால் பையின் பல நூறு பிட்டுகளை அட்டவணையாக வைத்துக்கொண்டு மிகக் கவனமாகச் செய்வார்கள். தொடரே இல்லாமல் கூட்டலும் பிட் நகர்த்தலும் மட்டும் வைத்து சைன் கண்டுபிடிக்கும் கார்டிக் என்ற முறையும் உண்டு, 1959-இல் ஜாக் வோல்டர் வெளியிட்டது. பெருக்கல் வசதி இல்லாத வன்பொருளுக்கு அருமையான யோசனை, நேரம் கிடைத்தால் அதையும் எழுதிப் பாருங்கள்.

அரைப்புள்ளி

நிழல்கோடு, அட்டவணை முடிந்துவிட்டால் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? சின்ன விளையாட்டு, அம்பு சுழல்வது மாதிரி ஏதாவது என்றால் ஏடேன்2 (எக்ஸ், ஒய் கொடுத்தால் திசைக் கோணம் தரும் ஃபங்ஷன்) பக்கம் வருவீர்கள், அதனால் கேட்கிறேன்.

நிழல்கோடு

ஆமாம், அதேதான்! மவுஸ் இருக்கும் இடத்தை நோக்கி ஒரு அம்பு திரும்ப வேண்டும். ஏடேன்(ஒய் / எக்ஸ்) என்று எழுதினேன், வலது பக்கம் சரியாகத் திரும்புகிறது, மவுஸை இடது பக்கம் கொண்டுபோனால் எதிர்த் திசையைக் காட்டுகிறது.

அரைப்புள்ளி

வகுத்தவுடனே குறி தொலைந்துவிடுகிறது. (1, 1) என்ற புள்ளிக்கும் (-1, -1) என்ற புள்ளிக்கும் ஒய் / எக்ஸ் ஒன்றுதான், 1. இரண்டுக்கும் ஏடேன் 45 டிகிரிதான் சொல்லும், அதற்கு வேறு தகவல் கிடைக்கவில்லை. எக்ஸ் பூச்சியமானால் வகுத்தலே சிக்கல். ஏடேன்2(ஒய், எக்ஸ்) என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒய்தான் முதலில், இதில் தவறாதவர்கள் குறைவு. அது -பை முதல் பை வரை முழு வட்டத்துக்கும் விடை தரும், (-1, -1)-க்கு -2.356194 வரும், அதாவது -135 டிகிரி. திரையில் ஒய் கீழ்நோக்கி வளரும் என்பதையும் மறக்காதீர்கள், மேலே போவதைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டால் ஒய் வித்தியாசத்தைக் குறி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அம்பு மெதுவாகத் திரும்ப வேண்டுமென்றால் இன்னொரு சிக்கல் வரும். அம்பு 170 டிகிரியில் நிற்கிறது, மவுஸ் -170-இல். 20 டிகிரி திரும்பினால் போதும், ஆனால் நேராகக் கழித்தால் -340, அம்பு உலகத்தைச் சுற்றிக்கொண்டு வரும். மேத்.ஹெச்-இல் ரிமைண்டர் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, சி99-இல் வந்தது, அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. ரிமைண்டர்(-340.0, 360.0) கொடுங்கள், 20 வரும். ரேடியனில் என்றால் இரண்டாவது எண்ணாக 2 * பை. எஃப்மாட் இங்கே உதவாது, மைனஸ் எண்ணுக்கு மைனஸிலேயே தரும்.

இரண்டு திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தை ஏகாஸ் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், உள்ளே போகும் எண்ணை -1-க்கும் 1-க்கும் நடுவில் கட்டிப்போட்டுவிட்டுச் செய்யுங்கள். இரண்டும் ஒரே திசையில் இருக்கும்போது அது 1.0000000000000002 ஆகிவிடும், ஏகாஸ் உடனே நேன் (எண்ணே இல்லை என்ற மதிப்பு) தரும், அம்பு திரையிலிருந்து காணாமல் போகும்.

நிழல்கோடு

ஏடேன்2 போட்டதும் அம்பு அருமையாகத் திரும்புகிறது, ரிமைண்டரும் வேலை செய்கிறது. கடைசியாக ஒன்று. எக்ஸ்1, ஒய்1 என்ற இரண்டு டபுள் வேரியபிள்களையும் மெயினுக்கு வெளியே எடுத்து வைத்தேன், எக்ஸ்1-க்கு ஒன்றும் சொல்லவில்லை, ஒய்1 ஏற்கெனவே வேறு வகையில் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று கம்பைலர் நிற்கிறது. கோப்பு முழுக்கத் தேடிவிட்டேன், இன்னொரு ஒய்1 இல்லவே இல்லை.

கம்பைலர்காதலன்

இருக்கிறது, மேத்.ஹெச்-க்குள். பெசல் ஃபங்ஷன்கள் என்று ஒரு குடும்பம், ஜே0, ஜே1, ஒய்0, ஒய்1 என்ற பெயர்களிலேயே போசிக்ஸ் அமைப்புகளில் அறிவிக்கப்பட்டிருக்கும். வேரியபிளை மறுபடி மெயினுக்குள் கொண்டுபோனால் தொல்லை இல்லை, உள்ளே அறிவித்தது வெளியே இருப்பதை மறைத்துவிடும். வெளியேதான் வேண்டும் என்றால் அம்பு_ஒய், மவுஸ்_ஒய் என்று பெயர் மாற்றிவிடுங்கள், நாளைக்குப் படிக்கும்போதும் எந்த ஒய் யாருடையது என்று தெரியும்.